இடது பக்கம் இரண்டு வாஷர்

திருடியது யார் என்று முடிவு கட்டிவிட்டுத் துப்பறிவாளரைக் கூப்பிடுகிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. படம் விட்ட பிறகு டிக்கெட் வாங்குகிற ரகம் அவர்கள்.

"என் தங்கச்சிதான். வேற யாரும் இல்ல," என்றார் முதலாளி. சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைக்குட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது.

மேடம் அவரைப் பார்க்கவே இல்லை. மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த இரண்டு தட்டைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் சுங்க இலாகாவில் காலம் தள்ளியவர். பெட்டியைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று அங்கே இன்னும் பேச்சு உண்டு. ஓய்வு பெற்றதும் துப்பறியும் அலுவலகம் திறந்தார். நான் அவருடைய உதவியாளன். வாய் ஓயாது என்பதால் என் பெயர் ரேடியோ. அம்மா அப்பா வைத்த பெயரை இப்போது வங்கி மட்டும்தான் பயன்படுத்துகிறது.

"ரெண்டும் ஆன்டெனா பேனல். பச்சை எங்களோடது. வெள்ளை போட்டிக் கம்பெனியோடது," என்றார் முதலாளி. "ரெண்டுக்கும் மூடியக் கழட்டி வச்சிருக்கோம். நீங்களே பாருங்க."

பார்த்தேன். சதுரங்கப் பலகை அளவு. மேலே வரிசை வரிசையாகச் சின்னச் சின்னச் செம்புச் சதுரங்கள். நடுவில் ஒரு கோடு கிளம்பி, இரண்டாகப் பிரிந்து, அது நான்காகி, எட்டாகி, ஒவ்வொரு சதுரத்தின் வீட்டு வாசலிலும் போய் நின்றது. இரண்டு பலகையிலும் வளைவுக்கு வளைவு, மூலைக்கு மூலை அதேதான்.

"இது என் தங்கச்சி பாப்பா போட்ட டிசைன். அவ கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கு. பாஸ்வேர்டு அவளுக்குத்தான் தெரியும். அப்போ இது எப்படி வெளிய போச்சு?"

"இந்த வெள்ளை பேனல் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார் மேடம்.

"கடையில வாங்கிட்டு வரச் சொன்னேன். டெக்னீஷியன் பிரிச்சுக் காட்டினாரு. நான் தொட்டதுகூட இல்ல, பாக்கவே வயிறு எரியுது." மறுபடியும் கைக்குட்டை. "சாயந்தரம் பங்குதாரர்கள் கூட்டம். உங்க ரிப்போர்ட் ஒரு பக்கம் இருந்தாப் போதும். அவள வேலைய விட்டு எடுத்துடுவோம், போலீஸ்லயும் குடுத்துடுவோம். கூடப் பிறந்தவளாச்சேன்னு பாத்தா கம்பெனி நிக்காது."

"அதுக்கப்புறம் அவங்க?"

"இந்தத் தொழில்ல யாரும் வாசப்படி ஏத்த மாட்டாங்க. என்ன செய்யறது சொல்லுங்க."

வெளியே வந்ததும் நான் மேடத்தின் காதைக் கடித்தேன். "நம்ம பேர அவருக்கு யாரு சொல்லியிருப்பா? காணாமப் போன நாயத் தேடிக் குடுக்கற கம்பெனின்னு நினைச்சுட்டாரோ?"

"அப்படி நினைச்சுத்தான் கூப்பிட்டிருக்காரு," என்றார் மேடம். அப்போது அது எனக்குப் புரியவில்லை.

தங்கை கீழ்த்தளத்தில் இருந்தாள். அவளுடைய கம்ப்யூட்டருக்கு முத்திரை வைத்திருந்தார்கள். எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுத முகமில்லை, தூங்காத முகம்.

"வாங்க மேடம். நீங்க வர்றதா அண்ணன் சொல்லிச்சு," என்றாள். "இங்க எல்லாரும் என்ன ஒரு மாதிரி பாக்கறாங்க. அண்ணன் மட்டும்தான் வெளியாளக் கூப்பிட்டு விசாரிக்கலாம்னு சொல்லிச்சு. எங்க அண்ணன் என்ன விட்டுக் குடுக்காது."

வாயைத் திறந்தேன். மேடம் என் காலை மிதித்தார். மூடிக்கொண்டேன்.

"இது என்ன செய்யும்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றார் மேடம்.

கேட்டதும் அவள் முகமே மாறிவிட்டது. வேலையைப் பற்றிப் பேசும்போது சிலருக்கு வருமே, அந்த வெளிச்சம். "ஒரு கட்டடத்துலேருந்து எதிர்க் கட்டடத்துக்கு ஒயர் இல்லாம சிக்னல் அனுப்பணும். முன்னாடி இதுக்குப் பெரிய குழி டிஷ் வேணும். இது அதுக்குப் பதில், தட்டையா சுவத்தோட ஒட்டிக்கும். இந்தச் சதுரம் ஒண்ணு மட்டும் கத்தினா நாலா பக்கமும் கேக்கும். எல்லாம் சேந்து ஒரே நேரத்துல கத்தினா நேர் எதிர்ல மட்டும்தான் கேக்கும், அக்கம்பக்கத்துல கேக்காது. அவ்வளவு ஒல்லியான கதிர்."

"ஒரே நேரத்துல கத்தணும்னா?"

"எல்லாருக்கும் சேதி ஒரே நேரத்துல போய்ச் சேரணும். அதுக்குத்தான் இந்தக் கோடு எல்லாம் ஒரே நீளம். ஒரு பக்கத்துக் கோடு இம்மியளவு நீண்டாக்கூட கதிர் சாஞ்சிடும்."

"எங்க வீட்ல எல்லாரும் ஒரே நேரத்துலதான் கத்துவாங்க," என்றேன். "நாலு தெருவுக்குக் கேக்கும்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவாவது இவளை யாரும் கூண்டில் ஏற்றக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. துப்பறிவாளன் இப்படியெல்லாம் நினைக்கக்கூடாது என்று மேடம் சொல்வார்.

அங்கிருந்து நேரே ஒரு மொட்டை மாடி. வெள்ளை பேனலை ஊரெல்லாம் மாட்டிக்கொண்டிருக்கும் ஆளை மேடம் ஒரே போனில் கண்டுபிடித்துவிட்டார். எல்லோரும் அவரை ஏணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆள் குள்ளம்.

"இந்த வெள்ளை பேனலா?" என்று ஏணி தலையில் அடித்துக்கொண்டார். "என் ஆயுசுல பாதிய வாங்குதுங்க."

"ஏன்?"

"இந்தச் சுவரும் எதிர்ச் சுவரும் நேருக்கு நேர் இருக்கா? சுவத்தோட ஒட்டி மாட்டறதுக்குன்னே செஞ்ச சாமான் இது. போல்ட்ட முறுக்கினா வேலை முடிஞ்சிரணும். முறுக்கினா சிக்னல் பாதிகூட வராது. இடது பக்கம் ரெண்டு வாஷர் போட்டு, லேசா முட்டுக் குடுத்தீங்கன்னா, பளிச்சுனு வரும்." குனிந்து காட்டினார். பேனலுக்கும் சுவருக்கும் நடுவே, இடது பக்கத்தில் மட்டும், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வாஷர்கள்.

"சுவர் கோணலா இருக்கும்," என்றேன்.

"ஒண்ணு ரெண்டுன்னா கொத்தனாரத் திட்டலாம் தம்பி. நான் மாட்டின அத்தனைக்கும் இதே கதை. பையில வாஷர் இல்லாம நான் ஏணியே ஏறுறதில்ல."

"பச்சை பேனலுக்கு?" என்றார் மேடம்.

"அது தங்கம்ங்க. ஒட்டி மாட்டிட்டு டீ குடிக்கப் போயிடலாம்."

இறங்கி வரும் வழியெல்லாம் நான்தான் பேசினேன். "மாறுகண் பேனல் மேடம். காப்பியடிச்ச பாவம், கண்ணு தெரியாமப் போச்சு."

"ரேடியோ, பரீட்சையில ஒருத்தன் பக்கத்துப் பேப்பரப் பாத்து எழுதறான். பக்கத்துப் பேப்பர்ல விடை சரி. இவன் பேப்பர்ல மட்டும் எல்லாக் கணக்குலயும் அதே ரெண்டு மார்க் போகுது. ஏன்?"

"கண்ணாடி போடாமப் போயிருப்பான்."

"இல்ல. பாத்து எழுதினதுக்கு அப்புறம் அவனே ஏதோ திருத்தியிருக்கான்," என்று சொல்லிவிட்டு மேடம் நடையை எட்டிப் போட்டார்.

கீழ்த்தளத்துக்குத் திரும்பிப் போய்க் கேட்டபோது, திருத்தியிருக்கிறார்கள் என்று தங்கையும் சொன்னாள். வெள்ளை பேனலை விளக்குக்குக் கீழே பிடித்து, கோடுகளில் அங்கங்கே சின்னச் சின்னப் புடைப்புகளைக் காட்டினாள். "போர்டு மலிவான சரக்கு மேடம். இதுல சிக்னல் ஓடற வேகமே வேற. அதனால என் கோட்ட அப்படியே போட்டா வேலை செய்யாது. யாரோ செம்புத் தகட்டத் துணுக்குத் துணுக்கா ஒட்டி, அளந்து பாத்து, மறுபடி ஒட்டி, சரியா வந்ததும் அதையே அச்சுல ஏத்தியிருக்காங்க. நல்லாப் பழகின கை."

"அந்தக் கம்பெனியில அப்படி ஆள் உண்டா?"

"ஆளும் கிடையாது, அளக்கற ரூமும் கிடையாது. அவங்க போன வருஷம் வரைக்கும் வாங்கி விக்கற கடைதான்."

"உங்க ரூமக் காட்டுங்க."

அந்த அறையை அவர்கள் சேம்பர் என்றார்கள். சுவர், கூரை, கதவின் உட்புறம் எல்லாம் கறுப்பு நுரைக் கூம்புகள். சிக்னல் பட்டுத் திரும்பி வராமல் இருக்க. குரலும் திரும்பி வராது. என் ஜோக்குக்குச் சுவர்கூடப் பதில் சொல்லாத இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு கோடியில் சிக்னல் அனுப்பும் குழாய். மறுகோடியில் தரையோடு போல்ட் அடித்த ஒரு சுழலும் டேபிள், அதன் மேல் நிமிர்ந்து நிற்கும் ஓர் இரும்புத் தகடு. பேனலை அந்தத் தகட்டில் மாட்டி, டேபிளை மெல்லச் சுழற்றினால், கதிர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று திரையில் தெரியும்.

தங்கை பச்சை பேனலை மாட்டினாள். மாட்டுவதற்கு முன் சட்டைப் பையிலிருந்து பழைய அடையாள அட்டையை நறுக்கிய ஒரு பிளாஸ்டிக் துண்டை எடுத்து, பேனலின் வலது ஓரத்துக்கு அடியில் செருகினாள். தலை சீவுவதுபோல, யோசிக்காமல் செய்தாள்.

"அது என்னது?" என்றார் மேடம்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

"இந்த டேபிள் அண்ணன் கையால செஞ்சது. கம்பெனி ஆரம்பிச்சப்போ வாங்க வசதியில்ல. பல் சக்கரம் வெட்டினதுலேருந்து தரையில போல்ட் இறக்கின வரைக்கும் அதுவேதான். ஆனா போல்ட் இறக்கினப்போ டேபிள் ரெண்டு டிகிரி திரும்பி உக்காந்துடுச்சு. எங்க கதிர் ஒல்லி, அதனால ரெண்டு டிகிரின்னா பெரிய விஷயம். நான்தான் கண்டுபிடிச்சேன். சரி பண்ணணும்னா தரைய உடைக்கணும், அண்ணனுக்குத் தெரிஞ்சிடும். விருந்தாளி யாரு வந்தாலும் முதல்ல இந்த டேபிளத்தான் காட்டும். மனசு உடைஞ்சு போயிடுமேன்னு, இந்தத் துண்டு வச்சு நேராக்கிக்கறோம். அண்ணன் கீழ வந்தா எடுத்துப் பையில போட்டுக்குவோம். அண்ணன் அளக்கறத விட்டு மாடிக்குப் போய் எத்தனையோ வருஷமாச்சு, அதனால மாட்டிக்கல."

எனக்குப் பொறி தட்டியது. உடனே அணைந்தும் போனது. "மேடம், அங்க வாஷர் இடது பக்கம். இங்க துண்டு வலது பக்கம். பொருந்தலையே!"

"அதனாலதான் பொருந்துது," என்றார் மேடம். "அந்த வெள்ளை பேனல மாட்டும்மா."

வெள்ளை பேனலுக்கு சாதாரண ஸ்க்ரூ இல்லை, அறுகோணக் குழி போல்ட். தங்கை தகரப் பெட்டியைக் கிளறி, குழிக்குள் விட்டுத் திருகும் ஆலன் கீ ஒன்றை எடுத்தாள், சேரவில்லை. இன்னொன்று, அதுவும் சேரவில்லை. மூன்றாவதுதான் உள்ளே போனது. துண்டைச் செருகி மாட்டினாள். டேபிள் சுழன்றது. திரையில் கதிர் இரண்டு டிகிரி தள்ளி நின்றது.

"இப்போ துண்ட எடுத்துடு."

எடுத்தாள். டேபிள் சுழன்றது. கதிர் அச்சு அசலாகப் பூஜ்ஜியத்தில் வந்து நின்றது.

அந்த அறையில் யாரும் பேசாமல் இருந்தால் காதில் ரத்தம் ஓடுவதே கேட்கிறது.

"புரியுதா ரேடியோ? டேபிள் கோணல்னு தெரிஞ்சவங்க பேனல நேராக்கிட்டு அளக்கறாங்க. தெரியாத ஆளு பேனல அப்படியே மாட்டிட்டு, கதிர் நேரா வரலையேன்னு கதிரத் திருப்பியிருக்காரு. இந்த ரூம்ல அது நேராத் தெரியும். வெளியில சுவத்துல மாட்டினா சாயம் வெளுத்துடும். அதச் சரி பண்ண எதிர்ப் பக்கம் முட்டுக் குடுத்தாகணும்."

"அப்போ இந்த பேனல்..." என்றாள் தங்கை.

"இந்த டேபிள்லதான் வளந்திருக்கு. லீவு நாள்ல, யாரும் இல்லாதப்போ. இங்க அளக்கறது யாரு யாரு?"

"நான், ரெண்டு டெக்னீஷியன். எல்லாருக்கும் இந்தத் துண்டு தெரியும்."

"தெரியாதவங்க யாரு? அளக்கத் தெரிஞ்சு, துண்டு தெரியாதவங்க?"

அவள் டேபிளின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இருக்காது மேடம்," என்றாள்.

"நான் இன்னும் யார் பேரையும் சொல்லலையேம்மா."

முதலாளியைக் கூட்டி வரும் வேலை எனக்கு. மாடியில் பங்குதாரர்கள் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். "ரிப்போர்ட் ரெடி சார். ஒரே ஒரு சின்ன வேலை பாக்கி," என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே மிகச் சின்ன வாக்கியங்கள் அவை. அதற்கு மேல் பேசினால் கையை ஓங்கியிருப்பேன்.

மேடம் தேன் ஒழுகப் பேசினார். "சார், டிசைன் உங்களோடதுதான்னு காட்ட, இந்த வெள்ளை பேனல ஒரு தடவை அளந்து பாக்கணும். உங்க தங்கச்சி அளந்தா நாளைக்கு யாராவது சந்தேகப்படுவாங்க. டேபிள் நீங்களே செஞ்சதாமே?"

"ஒவ்வொரு போல்ட்டும்," என்றார். முகத்தில் பெருமை வழிந்தது. கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மூலையில் நின்ற தங்கையைப் பார்க்கவில்லை. தகரப் பெட்டியில் கையை விட்டு ஒரு ஆலன் கீயை எடுத்தார், பேனலைத் தகட்டில் வைத்தார், முறுக்கினார். டேபிள் சுழன்றது.

"பாத்தீங்களா? பூஜ்ஜியத்துல நிக்குது. எங்க டிசைனேதான்."

"ஆமா சார். அந்த பேனல் நேராப் பாக்கற ஒரே இடம் இதுதான்," என்றார் மேடம். "வெளிய எங்க மாட்டினாலும் ரெண்டு வாஷர் கேக்குது."

அவருக்குப் புரியவில்லை. மேடம் கையை நீட்டி, அவர் விரலிடுக்கில் இருந்த ஆலன் கீயை வாங்கிக்கொண்டார். "தொட்டதுகூட இல்லன்னு காலையில சொன்னீங்க. உங்க தங்கச்சிக்கு மூணாவது கீதான் சேந்துச்சு. உங்களுக்குக் குனிஞ்சு பாக்காமலே முதல் கீ சேந்துடுச்சே?"

முதலாளியின் கை கைக்குட்டையைத் தேடியது. கோட்டு என்னிடம் இருந்தது. நான் கொடுக்கவில்லை.

மேடம் டேபிளையும் துண்டையும் பற்றி நான்கே வாக்கியத்தில் சொன்னார். கேட்கக் கேட்க அவர் முகம் வெளிறியது. ஆனால் அவர் செய்த முதல் காரியம் மன்னிப்புக் கேட்டது அல்ல. மண்டி போட்டுக் குனிந்து, தரையில் இருந்த போல்ட்டுகளைத் தடவிப் பார்த்தார்.

"கோணலா?" என்றார். "என்னிக்கிலேருந்து?"

"மாட்டின அன்னிக்கிலேருந்து," என்றாள் தங்கை.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும்."

"எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?" நிமிர்ந்தார். நிஜமாகவே கோபம். "என் டேபிள் பாப்பா! என் முதுகுக்குப் பின்னாடி நீங்க எல்லாரும் சேந்து... எனக்கே துரோகம் பண்ணியிருக்கீங்க!"

அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு நாக்கு கூசவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எத்தனையோ திருடர்களைப் பார்த்திருக்கிறேன், பிடிபட்ட இடத்தில் நின்று நியாயம் கேட்ட திருடனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நீ வருத்தப்படுவேன்னு சொல்லல," என்றாள் அவள். "என் டிசைன எப்படி எடுத்தே?"

அவர் போல்ட்டுகள் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளே யோசித்தாள். யோசித்து முடித்தபோது அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"ஆபரேஷனுக்கு என்ன உள்ள கொண்டு போனப்போ பாஸ்வேர்ட உன் காதுல சொன்னேன். எனக்கு ஏதாவது ஆயிட்டா வேலை நின்னுடக் கூடாதுன்னு."

"கேளு பாப்பா. போட்டிக் கம்பெனிக்காரங்க நம்ம கம்பெனிய மொத்தமா வாங்கிக்கறேன்னாங்க. நீ ஒத்துக்கவே மாட்டேன்னே. நீ பங்குதாரரா இருக்கற வரைக்கும் விக்க முடியாது. ஒரு சாமான் அவங்க பேர்ல வெளிய வந்து, பழி உன் மேல விழுந்தாத்தான் உன்ன எடுக்க முடியும். போலீஸ் எல்லாம் சும்மா பேச்சுக்கு. அப்புறமா உன்ன நானே..."

"நீயே?"

கூம்புச் சுவர்கள் அந்தப் பேச்சையும் விழுங்கிவிட்டன.

கதவு திறந்து ஒரு டெக்னீஷியன் எட்டிப் பார்த்தார். மேலே எல்லோரும் வந்துவிட்டார்களாம், காத்திருக்கிறார்களாம். முதலாளி சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "இது நம்ம வீட்டு விஷயம். ஆளு யாருன்னு தெரியலன்னு ரிப்போர்ட் எழுதச் சொல்லிடலாம். நீ என் கூடப் பிறந்தவ பாப்பா."

"காலையில இவங்ககிட்ட என்னத் திருடின்னு சொன்னப்போ நான் யாரு?"

அவள் எப்படித் தெரிந்துகொண்டாள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. எங்கள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போலிருக்கிறது.

அவள் வெள்ளை பேனலைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். கூடவே பச்சையையும் எடுத்து இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவுக்குப் போனாள். மேடம் அவளுக்கு வழிவிட்டார். "நான் கூட வரேன்," என்றார்.

முதலாளி தரையிலேயே உட்கார்ந்திருந்தார். "பாப்பா," என்றார்.

அவள் திரும்பினாள். அப்போதுதான் முதல்முறையாக அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

"மேல இருக்கறவங்ககிட்ட நான் சொல்லிக்கறேன்," என்றாள். "அம்மாவுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிடு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."